பாவிக்கக் கூடாது

1

போன கிழமை அக்காவின் பொதி வந்தது. சண்டிலிப்பாயிலிருந்து புறப்பட்டு, கப்பலின் அடித்தட்டில் கிடந்து, சுங்கக்காரன் குடைந்து பார்த்து, ஒரு மூலை நசுங்கி ஒருவாறு மலாயாவுக்கு வந்து சேர்ந்தது. உள்ளே ஒடியல், பனங்கட்டி, என் மனைவி பூரணத்துக்கு ஒரு சேலை. நடுவில் வைக்கோல் சுற்றிய ஒரு போத்தல். என் முழங்கால் நோவுக்காக ஊர்ப் பரியாரியாரைக் கொண்டு காய்ச்சுவித்த எட்டிக்கொட்டை எண்ணெய். ரப்பர்த் தோட்டத்து ஆசுபத்திரியில் டிரசராக இருந்து ஊராருக்கெல்லாம் இங்கிலீசு மருந்து கட்டிய எனக்கு, என் சொந்த முழங்காலுக்கு இங்கிலீசு மருந்து கேட்கவில்லை. சிரிப்பவர்கள் சிரிக்கட்டும்.

எட்டிக்கொட்டை வயிற்றுக்குள் போனால் ஆளை வில்லாய் வளைத்துக் கொன்றுவிடும். அதனால் அக்கா ஒரு கடுதாசித் துண்டில் தன் உருண்டையான எழுத்தில் எழுதி, சோற்றுப் பசையால் போத்தலில் ஒட்டியிருந்தாள்: “முழங்காலுக்குப் பூசுவது. உள்ளுக்குப் பாவிக்கக் கூடாது.”

என் மகன் இராசன் போத்தலைக் கையில் எடுத்தான். ஆங்கிலப் பள்ளிக்கூடத்தில் படிக்கிறான். தமிழ் எழுத்து பூரணம் சொல்லிக் கொடுத்தது. பேச்சு மாத்திரம் தொழிலாளர் குடியிருக்கும் லயத்துப் பிள்ளைகளோடு ஓடித் திரிந்து பிடித்துக்கொண்ட பேச்சு. எங்கள் வீடுகளில் தகப்பனை ‘ஐயா’ என்பது வழக்கம். இவன் ‘அப்பா’ என்கிறான். நானும் விட்டுவிட்டேன்.

எழுத்துக் கூட்டி வாசித்தான். வாசித்துவிட்டு என்னைப் பார்த்தான்.

“அப்பா, பாவின்னா கெட்டவன்தானே? அத்தை யாரைத் திட்டுறாங்க?”

பூரணம் விழுந்து விழுந்து சிரித்தாள். “ஐயோ, என்ரை பிள்ளையின்ரை தமிழே! பொன்னக்கா கேட்டாவெண்டால் தலையிலை அடிப்பா.”

எனக்குச் சிரிப்பு வரவில்லை. “வை அதை! வையெண்டால் வையடா!” என்று கத்தினேன். பிள்ளை பயந்துபோனான். போத்தலைப் பறித்து அலுமாரிக்கு மேலே வைத்துவிட்டு வெளியே வந்து வாசலில் நின்றேன்.

அதே சொல்லை அதே மாதிரி எழுத்துக் கூட்டி, அதே அர்த்தம் எடுத்த இன்னொருவன் இருந்தான். அவனைப் பற்றித்தான் எழுதுகிறேன். ‘மலாயாவில் என்ன குறை, காசு மரத்திலே காய்க்கிறது’ என்று கொக்குவில் ஸ்டேஷனில் நின்று கதைக்கிறவர்கள் வாசிக்கட்டும்.

2

நான் முதலில் வேலை பார்த்தது இந்தத் தோட்டத்தில் அல்ல. அது காட்டோரம் கிடந்த பழைய தோட்டம். தொழிலாளர்கள் எல்லாரும் இந்தியாவிலிருந்து வந்த தமிழர்கள். ஆபீசில் கணக்கெழுதும் கிராணி வேலையும் ஆசுபத்திரி வேலையும் நம்மவர்களுக்கு. மேலே துரை. துரைக்கும் தொழிலாளிக்கும் நடுவில் நாங்கள். அவர்களும் தமிழர், நாங்களும் தமிழர், ஆகவே எல்லாம் சுகமாக நடக்கும் என்பது துரையின் எண்ணம். எங்கள் எண்ணமும் அதுதான்.

சேர்ந்த புதிதில் ஒருத்தி வயிற்றைப் பிடித்துக்கொண்டு வந்தாள். நான், “சத்தி வருகுதோ?” என்றேன். நம்மூரில் சத்தி என்றால் வாந்தி. அவள் மூச்சு வாங்கிக்கொண்டே, “எங்கிட்டு வருது சாமி, சத்தியே இல்லைங்க, எந்திரிக்கவே முடியல” என்றாள். சரி, சத்தி இல்லையாம் என்று மருந்தைக் கலக்கிக் கொடுத்தேன். கொடுத்த மருந்தை என் உடுப்பிலேயே கொட்டி வைத்தாள். அன்றைக்குப் படித்தேன் ‘வாந்தி’ என்ற சொல்லை. குளிசை என்றால் விழித்தார்கள். ‘மாத்திரை’ படித்தேன். நோயாளியின் வாயைப் பார்த்துப் பிழைக்கிறவனுக்கு அவன் சொல்லைப் படிக்காமல் வழியில்லை.

பெரிய கிராணிக்கு அந்த அவசியம் இல்லை. அவர் பெயர் நல்லதம்பி, கொக்குவில்காரர். நல்ல மனிதர், அதையும் சொல்லவேண்டும். நான் மலேரியாவில் விழுந்து கிடந்தபோது தன் வீட்டிலிருந்து கஞ்சி கொடுத்து விட்டவர். ஆனால் தமிழ் என்று வந்துவிட்டால் ஆளே மாறிவிடுவார். இந்தியத் தமிழர் தமிழைக் கொன்று போட்டார்கள், உயிரோடு இருப்பது யாழ்ப்பாணத்தில் மாத்திரந்தான் என்பது அவர் கட்சி. லயத்துப் பேச்சைக் கேட்டால் காதைப் பொத்திக்கொள்வார். “கண்டறியாத தமிழ்!” என்பார்.

ரப்பருக்கு நடுவில் லாலான் என்றொரு புல் முளைக்கும். வெட்ட வெட்ட வரும். அதைக் கொல்ல வெள்ளைப் பாஷாணத்தைச் சோடாவோடு காய்ச்சித் தண்ணீர் கலந்து தெளிப்பார்கள். கப்பலில் வரும் பெரிய பீப்பாயில் மண்டையோடும் எலும்பும் போட்டு, ஆங்கிலத்தில் நஞ்சு என்று அச்சடித்திருக்கும். அந்தப் பீப்பாய் ஸ்டோருக்குள் பூட்டில் கிடக்கும். காய்ச்சிய தண்ணீரைத் தொழிலாளர்கள் மண்ணெண்ணெய்த் தகரங்களில் அள்ளிக்கொண்டு போவார்கள். தகரத்தில் ஒன்றும் எழுதியிருக்காது. அதற்கு அவர்கள் வைத்த பெயர் ‘புல்லு மருந்து’. மருந்து என்று பெயர் வைத்த பொருளுக்கு யார் பயப்படப்போகிறார்கள்?

ஒருநாள் அரசாங்கத்திலிருந்து ஒரு கட்டளை வந்தது. ஆபத்தான பொருள் வைத்திருக்கும் பாத்திரம் ஒவ்வொன்றிலும் வேலையாட்களுக்குத் தெரிந்த பாஷையில் எச்சரிக்கை எழுதவேண்டும். நல்ல கட்டளை. இன்றைக்கும் சொல்வேன், நல்ல கட்டளை. துரை நல்லதம்பியரைக் கூப்பிட்டு, தமிழில் ஏதாவது எழுது, ஆனால் நஞ்சு என்று போடாதே, போட்டால் நாளைக்கு ஒருத்தனும் தெளிக்க வரமாட்டான் என்றார். நல்லதம்பியரே இதை என்னிடம் சொன்னார், துரையின் கெட்டித்தனத்தை மெச்சிக்கொண்டு.

எழுதினார். தகட்டில் எழுத்து வெட்டுவித்து, கறுப்பு மை பூசி, தகரம் தகரமாகக் குத்துவித்தார். “புல் மருந்து. இத்தகரத்தைக் குடிநீருக்குப் பாவிக்கக் கூடாது.”

“என்ன காணும், எப்பிடி?” என்று என்னைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினார்.

“வடிவாயிருக்கு, அண்ணை” என்றேன்.

வடிவாய்த்தான் இருந்தது. பாவித்தல் என்றால் உபயோகித்தல். பால் குடித்த நாளிலிருந்து கேட்ட சொல். எங்கள் ஊர்ச் சொல், கடல் தாண்டினால் செல்லாத சொல் என்று எனக்குத் தோன்றவே இல்லை. வாந்தியும் மாத்திரையும் படித்தேனே, இதை ஏன் படிக்கவில்லை என்றால், யாரும் எனக்கு மேலே இதைக் கொட்டவில்லை.

3

சின்ன வயதில் எங்கள் புகையிலைத் தோட்டத்தில் கிணறு வெட்டினார்கள். வலிகாமத்து மண்ணை உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. கொஞ்சம் தோண்டினால் கல்லு வந்துவிடும். கல்லை வெடிமருந்து வைத்துத்தான் பிளக்கவேண்டும். கந்தன் என்றொருவன் அதற்கென்றே வருவான். துளை போட்டு மருந்தை இடித்து, திரி வைத்து, பனைமட்டையில் ஒரு சிவப்புத் துணியைக் கட்டி ஒழுங்கைப் பாதையின் முகப்பில் ஊன்றிவிடுவான். பிறகு தொண்டை கிழியக் கத்துவான்: “வெடி! வெடி! வெடியோய்!”

அந்தக் குரல் கேட்டதும் தோட்டம் துரவில் நின்றவர்கள், மாட்டை அவிழ்த்துக்கொண்டு ஓடுகிறவர்கள், தண்ணீர்க் குடத்தைப் போட்டுவிட்டு ஓடுகிற பெண்கள், எல்லாரும் ஒதுங்குவார்கள். காது கேளாத சின்னாச்சிக்கு சிவப்புத் துணி போதும். எழுதப் படிக்கத் தெரிந்தவர் அந்த ஒழுங்கையில் இரண்டு மூன்று பேர் இருந்திருப்பார்கள். எழுத்து யாருக்கும் தேவைப்படவில்லை. அந்தக் கிணற்றில் ஒரு கோழிக்குஞ்சு சாகவில்லை.

இதைச் சொல்லி ஊரைப் புகழ்கிறேன் என்று நினைக்காதீர்கள். கிணற்றில் தண்ணீர் ஊறியது. கற்கண்டுத் தண்ணீர். பொங்கிப் படைத்தோம். அப்போது என் தகப்பனார் கந்தனையும் அவனுடைய ஆட்களையும் வேலிக்கு வெளியே நிறுத்திச் சொன்னார்: “உங்களுக்கு வேணுமெண்டால் எங்கடை ஆக்கள் அள்ளி ஊத்துவினம். நீங்கள் உந்தக் கிணத்தைப் பாவிக்கக் கூடாது.”

அவர்கள் ஓம் என்று தலையாட்டிக்கொண்டு போனார்கள். அங்கே அந்தச் சொல் எல்லாருக்கும் விளங்கியது. ஒருவரும் என்ன அர்த்தம் என்று கேட்கவில்லை.

4

முத்தன் புல்லு மருந்து தெளிக்கிற ஆள். திருச்சிப் பக்கம். கொஞ்சம் எழுத்து வாசனை உள்ளவன், அதில் அவனுக்கு ஒரு மிடுக்கும் உண்டு. லயத்தில் யாருக்குக் கடிதம் வந்தாலும் அவனிடம் கொண்டுபோவார்கள். எழுத்தெழுத்தாய்க் கூட்டி, பாதியை வாசித்து, மீதியைத் தன் புத்தியால் நிரப்பிச் சொல்வான். மனைவி அஞ்சலை. கைக்குழந்தை ஒன்று.

வேலை முடிந்ததும் வெறுந்தகரங்களை ஸ்டோரில் திருப்பிக் கொடுக்கவேண்டும். ஓட்டை விழுந்தது, நசுங்கியது எல்லாம் வெளியே எறிந்து கிடக்கும். ஏழைக்குத் தகரம் என்றால் சும்மாவா? முத்தன் ஒன்றை எடுத்துக்கொண்டு போய் மண்ணும் சாம்பலும் போட்டுப் பளபளவென்று தேய்த்தான். அடியிலிருந்த ஓட்டையைத் தாரால் அடைத்தான். தேய்த்த தேய்ப்பில் நல்லதம்பியரின் எழுத்துப் போகவில்லை. நல்ல மை.

பிறகு அதில் தண்ணீர் நிரப்பி வேலைக்குக் கொண்டுபோனான். வெயிலில் நின்று நாள் முழுக்கக் குடித்திருக்கிறான்.

என்னிடம் தூக்கிக்கொண்டு வந்தபோது வாந்தியும் பேதியுமாகக் கிடந்தான். கோதாரி, காலரா என்றுதான் நினைத்தேன். தொண்டை எரிகிறது, வாயில் இரும்புச் சுவை என்று அவன் சொன்ன பிறகு விளங்கியது. தெரிந்ததையெல்லாம் செய்தேன். பட்டணத்து ஆசுபத்திரிக்கு லொறி கேட்டேன். லொறி ரப்பர் ஏற்றிக்கொண்டு போயிருந்தது. அஞ்சலை குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு அவன் காலைத் தேய்த்தபடியே இருந்தாள்.

“டிரசரய்யா, தேய்ச்சுத்தானே வச்சேன், நல்லாத் தேய்ச்சேனே” என்று அவன் திரும்பத் திரும்பச் சொன்னான். பிறகு சொல்லவில்லை.

5

விசாரணைக்குப் பட்டணத்திலிருந்து ஒரு வெள்ளைக்காரத் துரை வந்தார். கூட ஒரு துவிபாஷி. தமிழை ஆங்கிலமாக்கிச் சொல்ல வந்த அவரும் நம்மவர்தான். எந்த ஊர் என்று எழுதமாட்டேன், பிள்ளை குட்டிக்காரர்.

ஆபீஸ் மேசையில் அந்தத் தகரம் இருந்தது. கேட்கவேண்டிய கேள்வி ஒன்றே ஒன்று. பிழை தோட்டத்துடையதா, செத்தவனுடையதா? செத்தவனுடையது என்றால் அஞ்சலைக்குத் தோட்டத்தில் இடமில்லை. லயத்து அறையை விட்டுவிட்டு, கைக்குழந்தையோடு கப்பலேறவேண்டும். அங்கே அவளுக்கு யார் இருக்கிறார்கள் என்று யாரும் கேட்கவில்லை.

தகரத்தில் தமிழில் எழுதியிருக்கிறதா? இருக்கிறது. துவிபாஷி வாசித்து ஆங்கிலத்தில் சொன்னார்: இந்தத் தகரத்தைக் குடிதண்ணீருக்கு உபயோகிக்கக் கூடாது. அட்சரம் பிசகாத மொழிபெயர்ப்பு. எச்சரிக்கை சரியாக இருக்கிறதே என்று துரை தலையாட்டினார். செத்தவனுக்கு வாசிக்கத் தெரியுமா? கங்காணி முன்னுக்கு வந்து, “நல்லாப் படிப்பானுங்க, லயத்துக் காயிதமெல்லாம் அவந்தான் படிப்பான்” என்றான். செத்தவனுக்குப் பெருமை சேர்ப்பதாக நினைத்துத்தான் சொன்னான். அவனுக்கு எழுத்துத் தெரியாமல் இருந்திருந்தால் பிழை தோட்டத்தின் தலையில் விழுந்திருக்கும். தெரிந்துதான் கெட்டான்.

பிறகு அஞ்சலையைக் கூப்பிட்டார்கள்.

“இந்தத் தகரத்திலை எழுதியிருக்கிறதை உன்ரை புருசன் வாசிச்சவனோ?” என்று துவிபாஷி கேட்டார்.

அவளுக்குக் கேள்வி மெல்ல விளங்கியது.

“படிச்சாருங்க. எனக்கும் படிச்சுக் காட்டினாரு. பாவிங்களுக்குக் கூடாதுன்னு போட்டிருக்கு, நாம என்னா பாவம் பண்ணோம் புள்ளே, நமக்கு ஒண்ணும் பண்ணாதுன்னு சொல்லிச் சிரிச்சாருங்க.”

என் தலையில் இடி விழுந்தது. பாவிக்க. பாவிக்கு. பாவி. கடவுளே! அவன் பாவியைத்தான் வாசித்திருக்கிறான். பாவம் செய்தவர்களுக்கு இந்தத் தண்ணீர் ஆகாது என்று ஏதோ கோயில் விஷயம் போல நினைத்திருக்கிறான். தான் பாவி இல்லை என்று நம்பிக் குடித்திருக்கிறான்.

துவிபாஷி ஆங்கிலத்தில் சொன்னார்: “அவன் எச்சரிக்கையை வாசித்தான். மனைவிக்கும் வாசித்துக் காட்டினான். பிறகு சிரித்தான் என்கிறாள்.”

துரை அதை எழுதிக்கொண்டார்.

நான் எழும்பிவிட்டேன். “இல்லை ஐயா, அவள் அப்படிச் சொல்லவில்லை” என்றேன் ஆங்கிலத்தில். கேட்டால் மாத்திரம் பதில் சொல் என்றார்கள். பிறகு என் முறை வந்தது.

“இது தமிழா?”

“தமிழ்தான்.”

“உனக்கு விளங்குகிறதா?”

“விளங்குகிறது. ஆனால் இது எங்கள் தமிழ், ஐயா. அவர்கள் தமிழில் இந்தச் சொல்லுக்கு இந்த அர்த்தம் இல்லை.”

“எத்தனை தமிழ் இருக்கிறது?” என்று துரை கேட்டார். எல்லாரும் சிரித்தார்கள். துவிபாஷியும் சிரித்தார். நல்லதம்பியர் சிரிக்கவில்லை. முகம் கறுத்துப்போய் எழும்பி, அந்தச் சொல் இலக்கணச் சுத்தமானது, பழைய நூல்களில் உள்ளது, டிரசர் தமிழ் படித்தவர் அல்ல என்று சாட்சி சொன்னார். பொய் சொல்லவில்லை. ஒவ்வொரு சொல்லும் உண்மை.

எச்சரிக்கையை அறிந்தும் பொருட்படுத்தாத சொந்தக் கவலையீனத்தால் மரணம் என்று முடித்தார்கள்.

வெளியே வந்ததும் நல்லதம்பியர் என் கையைப் பிடித்தார். “நீர் ஆரின்ரை பக்கம் காணும்? வெள்ளைக்காரனுக்கு முன்னாலை எங்கடை தமிழ் பிழையெண்டு சொல்லுறீரே, வெக்கமில்லையோ உமக்கு?”

“தமிழ் பிழையில்லை, அண்ணை. அவைக்கு விளங்கேல்லை. ஒரு மனிசன் செத்துப்போனான்.”

“விளங்காட்டில் படிக்கட்டும். அவங்களுக்காக நாங்கள் தமிழைக் கெடுக்கிறதோ?”

“வெஷம் எண்டு ஒரு சொல்லு எழுதியிருந்தால் போதும்.”

“வெஷமோ?” கையை உதறிவிட்டார். “விஷம் எண்டு சொல்லும். இல்லாட்டி நஞ்சு எண்டு சொல்லும். வெஷமாம், வெஷம்! உம்மடை பிள்ளையளும் உப்பிடித்தான் கதைக்கப்போகுது, இருந்து பாரும்.”

அதுமட்டும் பலித்தது.

6

அஞ்சலை போகிற நாளில் ஆசுபத்திரிக்கு வந்தாள். கும்பிட்டுவிட்டுப் போக வந்ததாகச் சொன்னாள். அவளுடைய கும்பிடு எனக்கு எதற்கு? ஒரு தோளில் குழந்தை. மற்றக் கையில் அவளுடைய சட்டி, துணி, வழிக்கு ஒரு படி அரிசி எல்லாவற்றையும் திணித்து ஒரு தகரம்.

தகரத்தின் பக்கத்தில் கறுப்பு மையில் நல்லதம்பியரின் அழகான எழுத்து.

அவளுக்கு எழுத்துத் தெரியாது. முத்தனுடைய தகரத்தை விசாரணைத் துரை கொண்டுபோய்விட்டார். இது இன்னொன்று, ஸ்டோருக்கு வெளியே கிடந்ததைப் பொறுக்கியிருக்கிறாள். நல்ல தகரம். அரிசியைப் பார்த்தேன். பதறிப்போய்ப் பாய்ந்து அதைப் பிடித்தேன்.

“உதைப் பாவிக்காதை, அம்மா! பாவிக்காதை!”

அது தானாக வந்தது. எல்லாம் தெரிந்த பிறகும், அவள் புருசனை எரித்துவிட்டு வந்த பிறகும், அவசரத்தில் என் வாயிலிருந்து வந்த சொல் அதுதான்.

அவள் தகரத்தை விடவில்லை. என்னையே பார்த்தாள். கண் நிரம்பியது.

“என்னையுமா பாவின்னு சொல்றீங்க, ஐயா? புருசனைத் தின்னுட்டேன்னு நீங்களுமா சொல்றீங்க?”

“ஐயோ, இல்லை, அப்படி இல்லை...” தகரத்தைத் தட்டிக் காட்டினேன். “வெஷம்” என்றேன். “அதுக்குள்ளே வெஷம், தாயே. வெஷம்.”

அவள் கையிலிருந்த தகரம் அப்படியே விழுந்தது. அரிசி தரையெல்லாம் சிதறியது. குழந்தையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு சுவரோடு ஒட்டி நின்றாள். ஒரே ஒரு சொல். அந்த ஒரு சொல்லுக்கு எவ்வளவு நேரம் எடுத்தது? இமைப்பொழுது எடுக்கவில்லை.

அரிசியைக் கூட்டி எறிந்தோம். வேறு அரிசி கட்டிக் கொடுத்தேன். போய்விட்டாள். பிறகு அவளைப் பற்றி ஒரு செய்தியும் இல்லை.

நான் தோட்டத் துரையிடம் போய், தகரத்தில் எழுத்தை மாற்றுங்கள் என்று கேட்டேன். துரை கோபிக்கவில்லை, நாற்காலி கூடக் கொடுத்தார். எழுத்துப் போதுமானது என்று விசாரணையில் முடிவாகிவிட்டது, இப்போது மாற்றினால் அது போதாது என்று நாங்களே ஒப்புக்கொண்டதாகிவிடும் என்றார். ஒரு மனிதனைக் கொன்ற எழுத்து, அவனைக் கொன்ற காரணத்தாலேயே அழிக்கக் கூடாத எழுத்தாகிவிட்டது. இதற்கு என்ன சொல்வது?

அடுத்த நாள் விடிய, ஆட்கணக்கு எடுக்கிற இடத்துக்குப் போனேன். தெளிக்கிற ஆட்கள் தகரத்தோடு நின்றார்கள். கந்தனைப் போலத் தொண்டையைத் திறந்து கத்தினேன்: “அது மருந்தில்லே, வெஷம்! குடிச்சாச் செத்துப்போவீங்க! தகரத்தை வீட்டுக்குக் கொண்டு போகாதீங்க!” மறுநாளும் கத்தினேன். அதற்கடுத்த நாள் பாதிப்பேர் தெளிக்க மாட்டோம் என்று தகரத்தைப் போட்டுவிட்டு நின்றார்கள். துரை சொன்னது சரிதான்.

அந்த மாசமே என்னை இந்தத் தோட்டத்துக்கு மாற்றிவிட்டார்கள். நல்லதம்பியர் வழியனுப்ப வரவில்லை. அந்தத் தகரங்கள் துருப்பிடித்து உக்கும்வரை அதே எழுத்தோடுதான் இருந்தன என்று கேள்விப்பட்டேன்.

7

இராசன் அப்போது பூரணத்தின் வயிற்றில் இருந்தான். இங்கே குடிவந்த அன்றைக்கே அவளிடம் சொன்னேன், இந்த வீட்டில் அந்தச் சொல் வேண்டாம் என்று. “என்ன விசர்க் கதை கதைக்கிறியள்” என்றாள். நடந்தது தெரியும், அதனால் அதிகம் வாதாடவில்லை. நாளடைவில் பழகிக்கொண்டாள். ‘சவுக்காரத்தைப் போட்டுக் குளி’ என்பாள், ‘அந்தக் கத்தியை எடு’ என்பாள். அந்தச் சொல் வரவேண்டிய இடமெல்லாம் சுற்றிக்கொண்டு போவோம். தோட்டத்துத் தகரத்திலிருந்து என்னால் அழிக்க முடியாத சொல்லை என் வீட்டிலிருந்து அழித்தேன். அதனால் என் பிள்ளைக்கு அது தெரியாது. அக்கா எழுதியதை வாசித்துவிட்டு, முத்தன் கண்ட பாவியையே அவனும் காண்கிறான்.

நேற்றுப் பின்னேரம் பூரணம் பொங்கிவிட்டாள். “ஊர்ப் பாஷை தெரியாமல் பிள்ளை நிக்கிறானெண்டு முகத்தைத் தூக்கி வைச்சிருக்கிறியள். ஆர் செய்த வேலை? சொல்லிக் குடுங்கோவன் இப்ப. பாவிக்கிறது எண்டால் என்னெண்டு ஒருக்கால் வாயைத் திறந்து சொல்லுங்கோவன்!”

வாயைத் திறந்தேன். அஞ்சலை சுவரோடு நின்ற நிலைதான் கண்ணில் வந்தது.

நாங்கள் வாக்குவாதப்பட்டுக்கொண்டிருக்க, இராசன் நாற்காலியில் ஏறி அலுமாரிக்கு மேலிருந்த போத்தலை எடுத்துவிட்டான். அத்தை அனுப்பியது என்றால் தேனாய் இருக்கும், நெய்யாய் இருக்கும் என்ற எண்ணம். தக்கையைக் கழற்றி மோந்து பார்த்துக்கொண்டிருந்தான். விரல் நுனியில் எண்ணெய் மினுங்கியது.

இந்த முறை கத்தவில்லை. போய்ப் போத்தலை வாங்கினேன். விரலைத் துடைத்துவிட்டேன். அக்காவின் எழுத்தை நகத்தால் சுரண்டி எடுத்தேன், சோற்றுப் பசை இலகுவில் விட்டுக்கொடுக்கவில்லை. ஒரு கடுதாசித் துண்டில் பெரிய எழுத்தாய் எழுதி, அதே இடத்தில் ஒட்டி, அவன் கையில் கொடுத்தேன். அவன் வாசித்தான்.

“வெஷம். குடிச்சாச் செத்துப்போவே.”

வாசித்து முடிக்குமுன் போத்தலை மேசையில் வைத்துவிட்டான். இரண்டு கையையும் காற்சட்டையில் துடைத்துத் துடைத்துக்கொண்டே, “தொட்டுட்டேனே, கை கழுவணுமாப்பா?” என்று கேட்டான்.

கழுவு என்றேன். ஓடிப்போனான்.

அக்காவுக்கு என்ன எழுதுவது என்று இன்னும் தெரியவில்லை. ‘எண்ணெய் பாவிச்சனியோ’ என்று கேட்டுத்தான் அவளுடைய அடுத்த கடிதம் தொடங்கும். பூசினேன், நோ குறைந்தது என்று எழுதிவிடலாம். தன் எழுத்தைச் சுரண்டி எறிந்தேன் என்பதை எழுதமுடியாது. நல்லதம்பி அண்ணை இதைக் கண்டால் சிவப்பு மையால் ‘வெ’யை வெட்டி ‘வி’ என்று திருத்துவார். திருத்தட்டும். அந்தப் பிழை ஒன்று முத்தனுடைய தகரத்தில் இருந்திருந்தால், அவன் இன்றைக்கும் லயத்தில் யாருடைய கடிதத்தையாவது பாதி வாசித்து, மீதியைத் தன் புத்தியால் நிரப்பிச் சொல்லிக்கொண்டிருப்பான்.